மூன்று மிஷின்களுக்கு முன்னால்

பதினாறு தையல் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதிபடத் தொடங்கும் சத்தம். ஒரே நேரத்தில் அல்ல, அதுதான் அதில் அழகு. பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில், சனிக்கிழமை காலைகளில், சிஸ்டர் மணியை அடித்துவிட்டுக் கீழே வைத்ததும் முதலில் ஜன்னலோர மிஷின் ஒரு முனகலோடு கிளம்பும், அப்புறம் அதற்குப் பக்கத்தில் உள்ளது, அப்புறம் எங்கோ மூலையில் தோல் பட்டை தளர்ந்துபோன ஒன்று தடுமாறித் தடுமாறி, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டே எது யாருடைய மிஷின் என்று எமல்டாவால் சொல்லிவிட முடியும். பத்தொன்பது வயதில் அது ஒரு பெருமை. இப்போது, அறுபத்து மூன்று வயதில், திருச்சியில், ஒரு தையல் மிஷின் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றக் குனிந்தபோது அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. துணிக்கடையில் விடச் சொல்வார்கள், நகைக்கடையில் சிலர் சொல்வார்கள், மிஷின் கடையில் எதற்கு. ஜெசிந்தா தன் செருப்பை உதறிவிட்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள். உதறுவது, எவ்வளவு எளிதான காரியம். எமல்டாவின் செருப்புக்குக் குதிகாலைச் சுற்றி ஒரு வார், விரல்களுக்கு மேல் ஒரு வார், பக்கத்தில் கொக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது மாதிரி. பிப்ரவரியில் வாங்கியது. "என்ன அண்ணி, ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கீங்களா" என்று ஜெசிந்தா அன்றைக்குக் கேட்டாள். அதற்கு முன்னால் போட்டிருந்த சாதாரணச் செருப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில் வலது காலிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. விழுந்தது தெரியாமல் எமல்டா இருபது அடி நடந்துவிட்டாள். பின்னால் வந்த யாரோ, "அம்மா, உங்க செருப்பு" என்று எடுத்து நீட்டினார். நல்லவேளை, அன்றைக்கு ஜெசிந்தாவுக்கு ஜலதோஷம், கோயிலுக்கு வரவில்லை.

உள்ளே ஏசி. தரை சில்லென்று இருந்தது. இடது காலுக்குச் சில்லென்று இருந்தது. "தரை ஐஸ் கட்டி மாதிரி இருக்குல்ல அண்ணி" என்றாள் ஜெசிந்தா. "ஆமா" என்றாள் எமல்டா. பாதி உண்மை. பாதி உண்மைகளைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இந்த ஆறு மாதத்தில்தான் வந்தது, அதுவும் இந்த ஒருத்தியிடம் மட்டும். ஜெசிந்தா அவள் கணவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் முப்பத்து நான்கு வருஷம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அண்ணன் போன பிறகு அண்ணியோடு மேலப்புதூர் வீட்டுக்கே வந்துவிட்டாள். வார்டில் பார்த்ததையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சிரிப்பாள், அதில் பாதி சர்க்கரைக்காரர்களின் கால்கள். தோட்டத்துக் கல் குத்தி, குத்தியதே தெரியாமல் பத்து நாள் நடந்து, அப்புறம் விரல் கறுத்து, அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று அவள் சொல்லிக்கொண்டே ரசத்தைப் பிசைவாள். எமல்டாவுக்கும் சர்க்கரை உண்டு, பன்னிரண்டு வருஷமாக. மாத்திரையை எடுத்து வைப்பது, மாதம் ஒருமுறை விரலில் குத்தி ரத்தம் பார்ப்பது எல்லாம் ஜெசிந்தாதான். பார்த்துவிட்டுக் கேட்பாள், "கால் எரியுதா அண்ணி?" "இல்லையே" என்பாள் எமல்டா. பொய் இல்லை. எரியவில்லை. எரிச்சல், குத்தல், மதமதப்பு எல்லாம் முடிந்துபோய்ப் பொங்கலுக்கு முன்பே அந்த இடம் ஓசையில்லாமல் ஆகிவிட்டது. இலை காய்வதும் அப்படித்தான், வேருக்கு மிகத் தொலைவில் இருக்கும் நுனியில் ஆரம்பிக்கும், பிறகு ஓரம், பிறகு உள்ளே. முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சொல்லித்தர வேண்டாம் என்பதுதான் பிரச்சினை.

"மூணு எடுத்து வச்சிருக்கேன்மா, நிதானமா உக்காந்து பாருங்க" என்றாள் கடைப்பெண். பெயர் ரிஸ்வானா, முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடாவை மாலை மாதிரி போட்டிருந்தாள். நீள மேஜையில் மூன்று மிஷின்கள். முதலாவது சாம்பல் நிறம், கனமான உடம்பு, ஊசிக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தலையணையைச் சுருட்டித் திணிக்கிற அளவு இடம். நேர்த்தையல் மட்டும்தான் போடும். இரண்டாவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்யும், எல்லாம் கொஞ்சம்தான் செய்யும். மூன்றாவது வெள்ளை வெளேரென்று, நெற்றியில் ஒரு திரையோடு இருந்தது. துணியைச் சட்டத்தில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் தானாகவே பூவேலை செய்யும். ஜெசிந்தா மூன்றையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரவுண்ட்ஸ் போகிற மாதிரி பார்த்தாள். "இது ஐசியூ" என்றாள் வெள்ளையைக் காட்டி. "இது எருமை. நடுவுல இருக்கிறது நம்ம பங்குச் சாமியார் மாதிரி, எல்லாரையும் திருப்திப்படுத்தப் பாக்குது." ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எமல்டாவும் சிரித்தாள், ஆனால் கண் சாம்பல் மிஷினை விட்டு வரவில்லை. அதன் உடம்பு வளைவில் ஒரு நல்ல பசுமாட்டின் நிம்மதி இருந்தது. வேண்டாம். அதைப் பார்க்காதே. அதற்குக் கால் வேண்டும். வெள்ளைக்குப் பொத்தான் இருக்கிறது, கையாலேயே ஓட்டலாம். அதை வாங்குவதற்காகத்தான் மூன்று வாரமாக வீட்டில் பூவேலை பூவேலை என்று பேசிவைத்திருக்கிறாய். பீடத்துக்கு விரிப்பு, ஜெசிந்தாவின் சேலைக்கு ஓரம், தலையணை உறைக்கு மல்லிகைக் கொத்து. "திடீர்னு எங்கேருந்து வந்துச்சு இந்தப் பூ ஆசை, உங்களுக்கு இலைதானே பிடிக்கும்" என்று ஜெசிந்தா அப்போதே கேட்டாள். கேட்பாள். எதையும் விடமாட்டாள். நோயாளி சொல்லாததைக் கேட்கிற காது.

இலைதான் பிடிக்கும். முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் இலை வரைந்திருக்கிறாள், மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்காரர் வந்து டஸ்டரால் ஒரே இழுப்பில் அழித்துவிடுவார். பூவரசு, ஆமணக்கு, கல்யாண முருங்கை, ஆடாதோடை. ஒரு நாளைக்கு நான்கு இலை என்று வைத்தாலும் எத்தனை ஆயிரம், எல்லாம் சுண்ணாம்புத் தூளாகிப் பின்வரிசைப் பெண்களின் தும்மலாகப் போயிற்று. ஓய்வு பெற்ற அன்றைக்குப் பொன்னாடை போர்த்தியபோதே மனசுக்குள் முடிவு செய்தாள், இருபத்து நான்கு இலைகள், அழியாமல், பருத்தித் துணியில் வெட்டி ஒட்டி, அடியில் மெல்லிய பஞ்சு வைத்து, மேலும் கீழும் சேர்த்துத் தைத்து, நரம்புகளை நூலாலேயே ஓட்டி, கட்டில் அளவுக்கு ஒரு குயில்ட். தைக்கவும் வேண்டும், பஞ்சோடு சேர்த்துப் பிடிக்கவும் வேண்டும், நரம்பு போடுவதற்குப் பூவேலையும் வேண்டும், மூன்றுக்கும் ஒரே மிஷின். அதனால் வெள்ளைதான் சரி. நியாயமாகவே வெள்ளைதான் சரி, காலை யாரும் இதில் இழுக்க வேண்டியதில்லை. "ஒரு பூ போட்டுக் காட்டட்டுமா?" என்று ரிஸ்வானா திரையைத் தொட்டாள். மிஷின் தன்பாட்டுக்கு வேலை செய்தது, அவர்கள் மூவரும் குழந்தையைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கிற மாதிரி நின்று பார்த்தார்கள். நாலு நிமிஷத்தில் ஒரு செம்பருத்தி. அழகான சிவப்பு. ஆனால் அதன் காம்பில் ரோஜா இலைகள். எமல்டா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தாள். ரோஜா இலைதான், ஐந்து ஐந்தாக, ஓரத்தில் பல் வைத்து. "இதுல வேற இலை மாத்த முடியுமாம்மா?" "உள்ளே இருக்கிறதுதான் மேடம், நூத்தி எண்பது டிசைன் இருக்கு." ஜெசிந்தா முழங்கையால் அண்ணியை இடித்துவிட்டு ரிஸ்வானாவிடம் சொன்னாள். "முகத்தைப் பாரு. ஃபெயில் போட்டாச்சு." ஃபெயில்தான். நூற்று எண்பது பூவுக்கும் இலை தப்பாக இருந்தால் என்ன செய்வது. ஆனால் பொத்தான் இருக்கிறதே. தப்பான இலைகளோடு ஒரு குயில்ட், அதைப் போர்த்திக்கொண்டு தப்பான பதில்களோடு ஒரு படுக்கை. கால் எரியுதா அண்ணி. இல்லையே.

"நரம்பு மட்டும் வேணும்னா இதுலயே போடலாம்மா" என்றாள் ரிஸ்வானா, சாம்பல் மிஷினைத் தட்டி. "அடியில இருக்கிற பல்லை இறக்கி விட்டுட்டா துணி நம்ம கையில. பேனாவை அசைக்காம பேப்பரை அசைச்சு எழுதுற மாதிரி. எந்த இலை வேணுமோ நீங்களே வரையலாம். வேகம் மட்டும் கால்ல. உக்காருங்க." ஜெசிந்தா நாற்காலியை இழுத்தே விட்டாள். சரி. உட்காரலாம். உட்கார்ந்தால் என்ன, கால் இருக்கிறது, நடந்து வந்தேன், பேருந்தில் ஏறினேன், கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன் என்றாலும் வைத்தேன். மேஜைக்கு அடியில் பெடல் இருக்கிறது, அங்கே கண் போகாது. போகாவிட்டால் என்ன, இருட்டில் வைக்கிற கால் மாதிரி வைக்க வேண்டியதுதான். துணியை ஊசிக்கு அடியில் வைத்தாள். வலது கை அவளைக் கேட்காமல் பக்கத்துச் சக்கரத்துக்குப் போய் அதைத் தன் பக்கமாக ஒரு உருட்டு உருட்டியது. கால் அமுங்கியது, அமுங்கியதாக நினைத்தாள். மிஷின் டுர்ரென்று ஓடி நின்றது. மறுபடி டுர், நின்றது. டுர், நின்றது. நாலு தையல், இடைவெளி, மூன்று தையல், இடைவெளி. துணியில் தந்தி அடித்த மாதிரி புள்ளிகளும் கோடுகளும். அவ்வளவுதான். இதோ முடிந்தது. கால் சொன்னதைக் கேட்கவில்லை, எல்லோருக்கும் முன்னால், நல்ல பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் எழுதியே கொடுத்துவிட்டது. கழுத்துக்குப் பின்னால் ஜெசிந்தாவின் மூச்சு கேட்டது. அடுத்த கேள்வி அதே கேள்வியாகத்தான் இருக்கும். வார்டு, கறுத்த விரல், ரசம். இருபத்து நான்கு இலைகளும் தனித்தனியாக உதிர்ந்துகொண்டிருந்தன. ரிஸ்வானா குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள், நிமிர்ந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க பழைய கால்மிதி மிஷின்ல தைச்சவங்கதானே." எமல்டாவின் கை இன்னும் சக்கரத்தின் மேலேயே இருந்தது. "சக்கரத்தைக் கையால உருட்டும்போதே நினைச்சேன். நீங்க முன்னங்காலையும் குதிகாலையும் மாத்தி மாத்தி மிதிக்கிறீங்க, ஊஞ்சல் ஆட்டுற மாதிரி. அது அந்த மிஷினுக்கு. இது கரண்ட்டு. முன்னால அமுக்கினா ஓடும், குதிகாலுக்கு மாத்தினா நின்னுடும். அந்தக் காலத்து மிஷின்ல பழகினவங்க எல்லாரும் முதல்ல இதையேதான் செய்வாங்க. எங்க அம்மா ஒரு மாசம் தந்தி அடிச்சாங்க." ஜெசிந்தா பின்னாலிருந்து சொன்னாள்: "எங்க அண்ணி வாத்தியாரு. பழசை மறக்கிறதுன்னா சர்க்குலர் வரணும்." அவர்கள் சிரித்தார்கள். எமல்டாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பு மாதிரியே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அப்படியானால் கால் தப்புச் செய்யவில்லை. கால் சரியாகச் செய்தது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் கற்றதை ஒரு எழுத்து பிசகாமல், தோல் எதுவும் சொல்லாமலேயே. அவள் காலை மறுபடி வைத்தாள். முன்னால் மட்டும். அழுத்தினாள். எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதம் சொல்லவில்லை. மிஷின் சொன்னது. அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம், இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் அது ஒரு சுருதி ஏறியது, விட்டதும் இறங்கியது. அவள் காதைத் தாழ்த்தினாள். மெதுவாக, இவ்வளவு. இன்னும் மெதுவாக. தையல் ஒன்று, இரண்டு, எண்ணக்கூட முடிந்தது. வேகமாக, ரீங்காரம் பாட்டானது. தோல் போனால் என்ன, காது இருக்கிறதே. தெரியாத காலைக் காதால் பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே. இதை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அவள் துணியை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினாள், காம்பு, காம்பிலிருந்து நடுநரம்பு, அடியிலிருந்தே விசிறி மாதிரி பிரியும் பக்க நரம்புகள், நுனியில் சட்டென்று கூர்ந்து முடிகிற அந்தச் சொட்டு முனை, திரும்பி ஓரம் வழியாக இதயம் மாதிரி ஒரு சுற்று. நிறுத்தினாள். ஒரு பூவரச இலை. கொஞ்சம் கோணல். கரும்பலகையில் வரைந்தபோதும் அவளுக்கு இடது பக்கம் கோணும். யாரும் டஸ்டரோடு வரவில்லை. "பூவரசு" என்றாள் ஜெசிந்தா, இந்த முறை கேலி இல்லாமல். "நம்ம ஹாஸ்பிடல் சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கும்." ரிஸ்வானா விரலால் நரம்பைத் தடவிப் பார்த்தாள். "எனக்கு முதல் வாரம் இப்படி வரலைம்மா. கனமான துணி போடும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற வாக்கிங் ஃபுட் ஒண்ணு தரேன், மாட்டிக்கிட்டா பஞ்சு நகராது." ஃபுட். மிஷினுக்கும் கால் உண்டு, அதை மாற்றிக்கொள்ளலாம், டப்பாவில் ஆறு வைத்திருக்கிறார்கள். நினைத்ததும் சிரிப்பு வந்தது. எருமைதான். எருமையை வாங்கிவிடலாம். அவளுக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது, வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்ததும் துணிகளைப் பிரித்துப்போட வேண்டும், பச்சை மட்டும் எத்தனை பச்சை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பில் போடச் சொல்ல எழுந்து கவுண்டர் பக்கம் ஏழெட்டு அடி வைத்தாள்.

"அண்ணி, நில்லுங்க." அந்தக் குரலை எமல்டா வீட்டில் கேட்டதில்லை. அது வார்டுக் குரல். திரும்பினாள். வெள்ளைத் தரையில் நாற்காலியிலிருந்து அவள் நின்ற இடம் வரை, வலது கால் பட்ட இடத்திலெல்லாம், சிவப்புப் பொட்டுகள். முதலில் அவள் அதை அழகாகத்தான் பார்த்தாள், யாரோ அளந்து வைத்த மாதிரி சம இடைவெளியில். ஜெசிந்தா அவளை உட்கார வைத்தாள், தரையில் சம்மணம் போட்டு அமர்ந்து, அண்ணியின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, மஞ்சள் குமிழ் வைத்த குண்டூசி ஒன்று தலைவரை ஏறியிருந்தது. ரிஸ்வானாவுக்கு முகம் வெளுத்தது. "அல்லா, காலையில கூட்டினேன்மா, எப்படி விட்டுப்போச்சுன்னு தெரியலையே." "உன்மேல தப்பில்ல, பஞ்சு கொண்டா" என்றாள் ஜெசிந்தா. ஊசியை நேராக உருவினாள். எமல்டா பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடைய காலிலிருந்தோ உருவுவதைப் போல. ஜெசிந்தா ஊசியைப் பார்க்கவில்லை, அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், உருவும்போது அந்த முகம் சுளிக்கிறதா என்று. சுளிக்கவில்லை. சுளித்திருக்கலாம், நடித்திருக்கலாம், ஒரு கணம் பிந்திவிட்டது. "எத்தனை மாசமா?" பாதி உண்மைகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. "பொங்கலுக்கு முன்னாடியிருந்து." ஜெசிந்தா பார்வையை முகத்திலிருந்து காலுக்கு இறக்கினாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். சுண்டுவிரலின் அடியில், எமல்டா குனிந்தாலும் கண்ணுக்கு எட்டாத இடத்தில், வேறொரு பழைய புண் இருந்தது, காசு அளவுக்கு. அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே பேசினாள். "மாதுளை இலையில ஒரு புள்ளி வந்தா லென்ஸ் வச்சிப் பாப்பீங்க. போட்டோ எடுத்து கோயம்புத்தூர் விவசாயக் காலேஜுக்கு அனுப்புவீங்க. வீட்டுக்குள்ள ஒரு நர்ஸு தண்டச்சோறு தின்னுட்டு உக்காந்திருக்கா, அவகிட்ட காலைக் காட்ட மாட்டீங்க." "நீ எடுத்துடச் சொல்லுவியேன்னு" என்றாள் எமல்டா. சின்னக் குரல், அவளுக்கே புதிதாக இருந்தது. "எதை?" "காலை. கால் போனா மிஷின் போச்சு." ஜெசிந்தா இப்போது நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நான் என்ன கசாப்புக் கடையா வச்சிருக்கேன்? சீக்கிரம் சொன்னவங்க கால் ஒண்ணைக்கூட நான் எடுக்க விட்டதில்ல. அந்தக் கதையையெல்லாம் சாப்பிடும்போது சொன்னா உங்களுக்குச் சுவாரசியம் இருக்காது."

ரிஸ்வானா தரையைத் துடைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் நின்றாள். கைக்குட்டையால் கட்டுப் போட்டு முடித்த ஜெசிந்தா எழுந்து முட்டியைத் தட்டிவிட்டாள். "பில்லைப் போடும்மா." "எதுக்கு மேடம்?" "எருமைக்கு. எதுல இலை போட்டாங்களோ அதுக்கு." "ஜெசி, இப்ப எதுக்கு, டாக்டர் என்ன சொல்றாருன்னு பாத்துட்டு" என்று எமல்டா ஆரம்பித்தாள். "டாக்டர் மிஷின் பத்தி என்ன சொல்லப் போறாரு? அவரு தைக்கிறதைத்தான் நான் முப்பத்து நாலு வருஷம் பாத்திருக்கேனே, உங்க இலை தேவலை. இனிமே காலையில நான் உள்ளங்காலைப் பாத்த பிறகுதான் மிஷின்ல உக்காரணும். செருப்பில்லாம ஒரு அடி கிடையாது. வாசல்ல என்ன எழுதியிருந்தாலும் சரி." இதைச் சொல்லும்போது ரிஸ்வானாவை ஒரு பார்வை பார்த்தாள். ரிஸ்வானா கதவுக்குப் போய், அந்தத் தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்து எடுத்தாள். ஆட்டோவில் பெட்டிக்கு இடம் போக மீதியில் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள், ஜெசிந்தா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சிக்னலிலும் புதிதாக. எமல்டா வண்டியின் சத்தத்துக்கு நடுவில் அந்தத் திட்டை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆறு மாதமாகத் தூக்கிச் சுமந்த எதையோ யாரோ வாங்கிக்கொண்டு, கனமாக இருக்கிறதே என்று முணுமுணுப்பது போல் இருந்தது. சாலையோரத்தில் ஒரு ஆமணக்குச் செடி, ஏழு விரலையும் விரித்துக்கொண்டு போனது. அடுத்தது அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் ஜெசிந்தா முதலில் இறங்கி, குனிந்து, செருப்பின் கொக்கியைத் தானே சரிபார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் முன்னால், பதினேழாவது இலைக்கும் பதினெட்டாவது இலைக்கும் நடுவில், எமல்டாவின் வலது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். மற்ற நான்கும் இருக்கின்றன.